காட் ரோட்டில் இழுக்காத எலக்ட்ரிக் வண்டி: கோளாறு காந்தத்திலா, வேறெங்காவதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டரோ ஆட்டோவோ வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே பல்லவிதான், "பேட்டரி போச்சு". பேட்டரியை மாற்றுவார்கள், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரை மாற்றுவார்கள், அப்புறமும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் பர்லியார் தாண்டினால் வண்டி முனகும். மோட்டாருக்குள் ஒட்டியிருக்கிற காந்தத்தை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை, காந்தம் எங்கே கெட்டுப்போகப் போகிறது என்று ஒரு நம்பிக்கை. கெடும். சூட்டில் கெடும், ஈரத்தில் கெடும், தயாரித்த இடத்தில் காசை மிச்சம் பிடித்திருந்தால் இரண்டிலும் சீக்கிரமே கெடும். நம் மலையில் சூடும் ஈரமும் ஒரே பயணத்தில் கிடைக்கின்றன என்பதால் கீழே சமவெளியில் வருடக்கணக்கில் ஓடுகிற அதே மோட்டார் இங்கே முதலில் காட்டிக்கொடுக்கிறது.

வாரன்டி இருந்தால் மோட்டாரைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகளைச் செய்து, கையில் எண்களோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். "இழுக்கலைங்க" என்று சொல்வதற்கும் "வோல்டேஜ் இவ்வளவு குறைந்திருக்கு" என்று சொல்வதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு. திறக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: இந்தக் காந்தங்கள் விரலை நசுக்கும் வலு உள்ளவை, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது, காந்தம் ஒட்டிய சுழலும் பாகமான ரோட்டாரைக் கையால் பிடுங்காமல், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மேசையில் இரும்புத் தூள் ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது.

"சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, காட் ஏறும்போது படுத்துவிடுகிறது"

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். மேலே காற்று மெல்லிசு, அதனால் இழுக்கவில்லை என்பது பெட்ரோல் வண்டியின் கதை. மோட்டார் காற்றை எரிப்பதில்லை, உயரம் ஏறினால் அதன் இழுவை குறையாது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்தால், அந்த 1,500 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் வேண்டும். டயர் உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாம் அதற்கு மேல். அதுவும் மெதுவான வேகத்தில், அதிக ஆம்பியரில், காற்றோட்டமே இல்லாமல், லாரிக்குப் பின்னால் நின்று நின்று. மோட்டாரைச் சுட வைக்க இதைவிட நல்ல ரோடு கிடைக்காது.

மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன, பிரித்துப் பார்க்கலாம். ஏற்றத்தில் த்ராட்டில் கொடுத்ததும் பேட்டரி வோல்டேஜ் தொபுக்கென்று விழுந்து, விட்டதும் ஏறிக்கொண்டால் அது பேட்டரி, காந்தத்தை விட்டுவிடுங்கள். சிறிது நேரம் ஏறிய பிறகு வேகம் குறைந்து, ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்ததும் மறுபடி நன்றாக இழுத்தால், கன்ட்ரோலரோ மோட்டாரோ சூடாகித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அது பாதுகாப்பு ஏற்பாடு, கோளாறே அல்ல, ஆனால் முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வருகிறது என்றால் அடுத்ததைப் படியுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, காலையில் முதல் ஏற்றத்திலேயே இழுவை குறைவாக இருந்தால், அப்போதுதான் காந்தத்தின் மேல் கை வைக்க வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, பலரும் ஏமாறுவது இங்கேதான். காந்தம் பலவீனமானால் வண்டி எல்லா இடத்திலும் மந்தமாகும் என்று நினைப்போம். ஆனால் சென்டர் ஸ்டாண்டில் போட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் சக்கரம் முன்பைவிட வேகமாகச் சுற்றும். காந்தம் குறைந்தால் மோட்டார் உருவாக்கும் எதிர் வோல்டேஜ் குறைகிறது, அதே பேட்டரி வோல்டேஜுக்கு இன்னும் வேகமாகச் சுற்றித்தான் சமன் செய்ய முடியும். ஆக, சமதளத்தில் "முன்னைவிட நல்லா பறக்குதே" என்பதும் ஏற்றத்தில் "இழுக்கலையே" என்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். கன்ட்ரோலர் வேகத்தைப் பூட்டி வைத்திருந்தால் முதல் முகம் தெரியாது, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

நம்ப வேண்டியது எதிர் வோல்டேஜ் சோதனையைத்தான். மோட்டாருக்கு மின்சாரம் போகும் மூன்று ஃபேஸ் வயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். டிரில்லில் ரப்பர் உருளை மாட்டி டயரை ஒரே சீரான வேகத்தில் சுற்ற விடுங்கள், லேசர் டேக்கோமீட்டரால் ஆர்பிஎம் பாருங்கள், மல்டிமீட்டரை ஏசியில் வைத்து இரண்டிரண்டு ஃபேஸாக மூன்று ஜோடியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடல் நல்ல வண்டியில், அதே ஆர்பிஎம்மில், அதே மீட்டரால் அளந்ததோடு ஒப்பிடுங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவில் குறைந்திருந்தால் காந்தம். ஒரு ஜோடி சரியாக இருந்து மற்ற இரண்டு மட்டும் குறைந்திருந்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்கும் வைண்டிங் பக்கம் போங்கள். ராத்திரி ஆறவிட்டுக் காலையில் அளக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், ஏனென்றால் இந்த மோட்டார்களில் இருக்கிற நியோடிமியம் காந்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.11 முதல் 0.12 சதவீதம் வலுவை இழக்கும், 100 டிகிரி ஏறினால் 11, 12 சதவீதம் போய்விடும். இது தற்காலிகம், ஆறினால் திரும்பி வரும். அந்த 100 டிகிரியில் செம்புக் கம்பியின் தடையும் கிட்டத்தட்ட 39 சதவீதம் கூடியிருக்கும், ஆக சூடான மோட்டாரில் எதை அளந்தாலும் பொய்தான் வரும்.

ஆறிய பிறகும் 10 சதவீதம் குறைவு என்றால் அது சின்ன விஷயமில்லை. அதே இழுவைக்கு மோட்டார் 11 சதவீதம் கூடுதல் ஆம்பியர் எடுக்கும், கம்பிச் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் சூடு 23 சதவீதம் கூடும், அந்தச் சூடு காந்தத்தை இன்னும் கொஞ்சம் தின்னும், அப்புறம் இன்னும் ஆம்பியர். இப்படியே விட்டால் வைண்டிங் வார்னிஷும் கருகி, வெறும் காந்த வேலையாக முடிந்திருக்க வேண்டியது முழு மோட்டார் செலவாகும்.

மோட்டாரைத் திறந்தாயிற்று என்றால் காந்தங்களை ஒவ்வொன்றாக, காந்தப் புலத்தை அளக்கும் காஸ் மீட்டரால் அளக்கலாம். மீட்டருக்கு அலைய வேண்டாம், டீத்தூளிலிருந்து இரும்புத் துகளைப் பிரிக்கக் காந்தம் வைத்திருக்கிற டீ ஃபேக்டரிகளில் கேட்டுப் பாருங்கள், அந்தக் காந்தத்தைச் சோதிக்க ஒன்று வைத்திருக்க வாய்ப்புண்டு. அதுவும் இல்லையென்றால் ஒரு போல்ட், நடுவில் பிளாஸ்டிக் அட்டை, ஸ்பிரிங் தராசு போதும். இழுக்கும் விசை காந்தப் புலத்தின் வர்க்கத்தில் போகும், புலம் 10 சதவீதம் குறைந்தால் தராசில் 19 சதவீதம் குறையும், ஆகவே தராசு மீட்டரைவிட எளிதாகவே வித்தியாசம் காட்டும். எல்லாக் காந்தமும் சமமாகக் குறைந்திருந்தால் சூடு. ஒவ்வொரு காந்தத்திலும் ஒரே பக்கத்து ஓரம் மட்டும் செத்திருந்தால், வைண்டிங்கிலிருந்து வந்த எதிர்ப் புலம் அடித்திருக்கிறது: கன்ட்ரோலர் ஷார்ட் ஆன வரலாறு இருக்கிறதா, யாராவது ஆம்பியரை ஏற்றி "டியூன்" செய்தார்களா என்று விசாரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் பலவீனம் என்றால் அது உடைந்தோ துருப்பிடித்தோ இருக்கும்.

சூட்டில் போனதாக இருந்தால் காந்தத்தின் உள்ளமைப்பு கெடவில்லை, மறுபடி காந்தமேற்றினால் பழைய வலு வரும். ஆனால் அதற்கு 3 டெஸ்லா அளவில் புலம் வேண்டும், கெப்பாசிட்டரில் சேமித்து ஒரே அடியாக விடுகிற மெஷினும் உங்கள் ரோட்டாரின் துருவ எண்ணிக்கைக்குப் பொருந்துகிற பிடிப்புச் சட்டமும் (ஃபிக்ஸர்) வேண்டும். கோயம்புத்தூரில் மோட்டார் தொழில் செய்பவர்களிடம் விசாரியுங்கள். வீட்டில் கம்பி சுற்றி பேட்டரியில் தொட்டுக் காந்தமேற்றலாம் என்று சொல்லும் வீடியோக்களை நம்பினால் கம்பிதான் உருகும்.

"மோட்டார் மூடியைத் திறந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர், காந்தம் பொரிந்திருக்கிறது"

நீலகிரிக்கே உரிய நோய் இது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை, கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு, நடுவில் ஊட்டியில் பனி; ஈரம் இல்லாத மாதத்தைத் தேட வேண்டும். ஆனால் மழையைவிட மோசமானது மூச்சு. சூடான மோட்டாரோடு மேலே வந்து வண்டியைக் குளிரில் நிறுத்துகிறீர்கள், உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, ஆக்சில் வயர் வரும் ஓட்டை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் மூடுபனியை உள்ளே இழுக்கிறது, அது காந்தத்தின் மேல் வியர்வையாக நிற்கிறது. மறுநாள் மறுபடி. பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவுபவர்கள் இதற்கு உதவி செய்கிறார்கள்.

இந்தக் காந்தம் ஏன் இவ்வளவு ஈரத்துக்குப் பயப்படுகிறது என்று தெரிய, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நியோடிமியம், இரும்பு, போரான் கலவையை உருக்கி மெல்லிய தகடாக வார்க்கிறார்கள். அந்தத் தகட்டை ஹைட்ரஜன் வாயுவுக்குள் வைத்தால் அது வாயுவை உறிஞ்சி ஊதி, தானாகவே நொறுங்குகிறது. அப்புறம் ஜெட் மில்லில் 3 முதல் 5 மைக்ரான் தூளாக்கி, காந்தப் புலத்துக்குள் வைத்து அழுத்தி, வெற்றிடத்தில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திடமாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் நியோடிமியம் மிகுந்த ஒரு பகுதி உருகி, குறுணைகளுக்கு இடையில் சாந்து மாதிரி நிரம்பி அவற்றைக் கட்டுகிறது. காந்தம் வலு இழக்காமல் தாங்க உதவுவதும் அந்தச் சாந்துதான், ஈரம் பட்டதும் முதலில் அரிபடுவதும் அதேதான். தண்ணீரோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அந்த ஹைட்ரஜனைப் பக்கத்துச் சாந்து உறிஞ்சி ஊதும், குறுணைகள் உதிரும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே செய்த அதே நொறுக்கலை உங்கள் மோட்டாருக்குள் மூடுபனி மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறது.

இதைத் தடுக்க இருப்பது மேல்பூச்சு மட்டுமே. பெரும்பாலும் நிக்கல், செம்பு, நிக்கல் என்று மூன்று அடுக்கு, மொத்தமே 10 முதல் 20 மைக்ரான். சிலவற்றில் கறுப்பு எபாக்ஸி. ஓர் ஓரத்தில் ஊசி முனை அளவு பூச்சு பெயர்ந்தால் போதும், உள்ளே பரவி மேலே கொப்புளமாக எழும். கொப்புளத்தை நகத்தால் தட்டினால் சாம்பல் நிறத் தூள் கொட்டினால் அந்தக் காந்தம் முடிந்தது, அதை எந்த மெஷினும் திரும்பக் கொண்டுவராது. சுரண்டி, பெயின்ட் அடித்து மூடுவது வேண்டாத வேலை. உள்ளே அரிப்பு நிற்காது, தூள் ரோட்டாருக்கும் சுழலாத பாகமான ஸ்டேட்டருக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளிக்குள் போய் ஸ்டேட்டரைச் சுரண்டும்.

ஒன்றிரண்டுதான் போயிருக்கிறது, மற்றவை வெறும் இரும்பு வளையத்தின் துருவால் கறை பட்டிருக்கின்றன என்றால் தப்பித்தீர்கள். வளையத்துத் துருவை எடுத்து, போன காந்தங்களை மாற்றி, எல்லாவற்றின் மேலும் மெல்லிய எபாக்ஸி வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து, சீல்களைப் புதிதாகப் போட்டு, வயர் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடையுங்கள். வார்னிஷை உலர வைக்க ஹேர் ட்ரையர் போதும். சிலர் செய்கிற மாதிரி ஹீட் கன்னைக் காந்தத்தின் மேல் நேராகப் பிடித்தால், துருவிலிருந்து காப்பாற்றியதைச் சூட்டில் கொல்வதாகிவிடும்.

காந்தத்தை கிரைண்டரில் தேய்த்து அளவு சரிசெய்ய ஆசைப்படாதீர்கள். இதன் தூள் காற்றில் தானாகத் தீப்பிடிக்கக் கூடியது. தூளாக்கும் வேலை முழுவதையும் தொழிற்சாலையில் நைட்ரஜனுக்குள் வைத்துச் செய்வது சும்மா இல்லை.

"கிளம்பும்போது 'டக்', அப்புறம் உரசல் சத்தம்"

வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். காந்தம் ஒட்டு விட்டிருக்கலாம். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரில் காந்தங்கள் வெளி வளையத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும், வேகமாகச் சுற்றும்போது மையவிலக்கு விசை அவற்றை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஒட்டு விட்ட காந்தம் ஓட்டத்தில் சத்தம் போடாமல் இருந்து, நின்று கிளம்பும்போது ஸ்டேட்டர் இழுப்பில் நகர்ந்து டக்கென்று அடிக்கும். இதை பேரிங் சத்தம் என்று நினைத்து பேரிங்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்பி வருபவர்கள் அதிகம். வேகத்தோடு சத்தம் கூடினால் பேரிங், கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் வந்தால் காந்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். ரோட்டார் உள்ளே இருக்கும் ஆட்டோ மோட்டார்களில் கதை தலைகீழ்: அங்கே வேகம் காந்தத்தை ஸ்டேட்டரை நோக்கித் தூக்கி எறியும், அதனால்தான் மேலே உறை போட்டுக் கட்டுகிறார்கள் அல்லது இரும்புக்குள்ளேயே காந்தத்தைப் புதைக்கிறார்கள்.

திரும்ப ஒட்டும்போது வளையத்து இரும்பை உப்புத்தாளால் தேய்க்கலாம், காந்தத்தைத் தேய்க்கக் கூடாது, நிக்கல் போய்விடும். அசிட்டோனில் துடைத்து, சூடு தாங்கும் இரண்டு பாகம் எபாக்ஸி போட்டு, துருவம் மாறாமல் பழைய இடத்தில் அதே பக்கம் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வர வேண்டும். கழற்றும் முன்பே மார்க்கரால் எண் போட்டால் பாதித் தலைவலி போகும். ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை இந்த வேலைக்கு ஆகாது, சூட்டிலும் ஈரத்திலும் விட்டுவிடும்.

"காந்தம் துண்டு துண்டாக இருக்கிறது, உடைந்துவிட்டதா?"

கோடு நேராக, சம அளவில் இருந்தால் உடைந்ததில்லை. கார் மோட்டார்களிலும் சில பெரிய மோட்டார்களிலும் காந்தத்தை வேண்டுமென்றே சீவி, நடுவில் மின்கடத்தாப் பசை வைத்து ஒட்டுகிறார்கள், காந்தத்துக்குள்ளேயே உருவாகும் சுழல் மின்னோட்டத்தால் காந்தமே சூடாவதைக் குறைக்க. அதை "சரி செய்கிறேன்" என்று முழுத் துண்டு வாங்கிப் போட்டால் சூடு கூடும். கோணல்மாணலான விரிசல் என்றால் உடைந்ததுதான், மாற்றுங்கள்.

"வண்டியைத் தள்ளினால் கனமாக இருக்கிறது" / "கிளம்பும்போது உதறுகிறது"

இரண்டுக்கும் முதலில் காந்தத்தைத் தேட வேண்டியதில்லை. ஃபேஸ் வயர்களைக் கழற்றியதும் கனம் போனால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்ச் ஷார்ட். கழற்றியும் போகாமல் இருந்தால் வைண்டிங் ஷார்ட், அல்லது மேலே சொன்ன உரசல். உதறல் பெரும்பாலும், ரோட்டார் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் அல்லது அதன் கனெக்டரில் ஈரம். கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள், அதற்கப்புறம் செலவைப் பற்றி யோசிக்கலாம். இறக்கத்தில் ரீஜென் (மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்புவது) பிடிக்கவில்லை என்பதும் இதே ரகம்: ஊட்டியில் முழுச் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடமில்லை, பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் தடுத்துவிடும். மலை இறங்குகிறவர்கள் 80, 85 சதவீதத்தோடு கிளம்புங்கள், பிரேக் ஷூவும் பிழைக்கும்.

"புதுக் காந்தம் மாற்றினேன், ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை"

இங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என்ன கிரேடு போட்டீர்கள்? கடையில் 35, 42, 52 என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 52 வாங்கி வருகிறார்கள். அந்த எண் காந்தத்தின் ஆற்றலைச் சொல்கிறது, சூட்டைத் தாங்குவதை எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் சொல்கிறது. எழுத்தே இல்லாவிட்டால் 80 டிகிரி, எம் என்றால் 100, ஹெச் 120, எஸ்ஹெச் 150, யுஹெச் 180, இஹெச் 200. காட் ரோட்டுக்கு எஸ்ஹெச்சுக்குக் கீழே நான் ஒட்ட மாட்டேன். 52ஐ விட 38எஸ்ஹெச் ஸ்டாண்டில் சுமாராகத் தெரியும், குன்னூர் போய்ச் சேர்ந்ததும் எது மிச்சம் என்று பாருங்கள். சூடு ஏறும்போது வலு குறைவதைவிட, எதிர்ப் புலத்தைத் தாங்கும் சக்தி பல மடங்கு வேகமாகக் குறைகிறது, டிகிரிக்கு அரை சதவீதத்துக்கு மேல். 100 டிகிரி ஏறினால் பாதிக்கு மேல் காலி. எழுத்து உயர உயர வாங்குவது அந்தத் தாங்கும் சக்தியைத்தான்.

அந்த எழுத்துக்குத்தான் விலையும். தாங்கும் சக்தியைக் கூட்ட டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் சேர்க்கிறார்கள். முன்பு கலவையிலேயே போடுவார்கள். இப்போது முடிந்த காந்தத்தின் மேல் பூசி, சூடாக்கி, குறுணை ஓரங்களுக்குள் மட்டும் ஊற வைக்கும் முறையும் வந்துவிட்டது, கொஞ்சத்தில் வேலை முடியும். ஆனாலும் இந்தக் கனமான தனிமங்கள் கிடைப்பது தென் சீனா, மியான்மர் பக்கத்துக் களிமண்ணில். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா டிஸ்புரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது, இந்திய வண்டித் தொழிற்சாலைகளே திண்டாடின. நம்மிடம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அதில் நியோடிமியமும் இருக்கிறது, ஆனால் டிஸ்புரோசியம் சொற்பம். 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்வதற்கு. அது உருவாகி, நம் ஊர் ஸ்பேர் கடைக்கு வரும்வரை, எழுத்து இல்லாத காந்தத்தை எஸ்ஹெச் என்று சொல்லி விற்கிற ஆசையும் கடைத்தெருவில் இருந்துகொண்டுதான் இருக்கும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே பளபளப்பு.

சோதித்து வாங்கலாம். முழு செட்டையும் ஒட்டும் முன் இரண்டு காந்தங்களை எடுத்து, ரோட்டார் வளையத்தின் தடிமனில் ஓர் இரும்புத் தகட்டில் ஒட்டவிட்டு காஸ் மீட்டராலோ தராசாலோ அளந்து எழுதுங்கள். இரும்புத் தகடு முக்கியம், மெல்லிய காந்தத்தைத் தனியாகச் சூடாக்கினால் நல்லதுகூட வலு இழக்கும், மோட்டாருக்குள் இருக்கிற நிலைமை அதுவல்ல. தகட்டோடு கேக் சுடும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அணைத்து, அறைச் சூட்டுக்கு முழுதாக ஆறிய பிறகு அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஓவன் காட்டும் டிகிரியை நம்பாமல் உள்ளே தனி தெர்மாமீட்டர் வையுங்கள். எஸ்ஹெச் என்றால் மீட்டரில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாது, தராசில் அளந்தால் அதன் இரட்டிப்பு. மீட்டரில் 10 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் மீதி செட்டைப் பிரிக்காமல் பில்லோடு திருப்பிக் கொடுங்கள், சூடாக்கிய இரண்டுக்கும் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், மோட்டாரை மறுபடி திறக்கும் கூலியைவிட அது குறைவு.